அய்யா சொன்னதாக

போனில், ஒரு கதை ஆப்பில், மாயாஜாலத் தொடர்கதை எழுதி வருகிறேன். செவிலிமேட்டில் டவுன் பஸ் ஏறி, பேருந்து நிலையத்துக்கு அருகில் நான் வேலை பார்க்கும் டைப்பிங் சென்டருக்குப் போகிற வழியிலும் வருகிற வழியிலும்தான் எழுத்து. உட்கார இடம் கிடைத்தால் அத்தியாயம் நீளும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் குட்டையாகிவிடும். புனைபெயரில் எழுதுவதால் சென்டரில் யாருக்கும் தெரியாது.

கதையில் ஒரு கொடுங்கோலன் உண்டு. ஊருக்கு மேலே மிதக்கிற ஒரு பாறையில் இருக்கிறான். கீழே இறங்கி வருவதே இல்லை. அவனுடைய அடிமைகள்தான் சாம்பல் நிறத் துணியைப் போர்த்திக்கொண்டு ஊருக்குள் வருவார்கள். வந்து தெருமுனையில் நிற்பார்கள், அவ்வளவுதான். வீடு வீடாகக் கதவு திறக்கும், கேட்டதெல்லாம் வெளியே வரும். பதினெட்டாவது அத்தியாயம் வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கு அடியில் ஒரு கல்லூரிப் பெண் எழுதியிருந்தாள்: "அக்கா, கதை சூப்பர். ஆனா ஒரு டவுட். அந்த அடிமைங்க கையில ஒரு குச்சிகூட இல்ல. அவங்களே அவனுக்கு பயந்து நடுங்கறவங்க. ஊர்ல அத்தனை பேர் இருக்காங்க. இவங்களைப் பார்த்து எதுக்கு பயப்படணும்? லாஜிக் இடிக்குதே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாறை மிதப்பதை நம்புகிறாள், நரி பேசுவதை நம்புகிறாள், இதை மட்டும் நம்ப மாட்டாளாம். வெடுக்கென்று ஒரு பதில் அடித்தேன், அழித்தேன். இன்னொன்று அடித்தேன், அதையும் அழித்தேன். அடுத்த நாள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் ஒரு வரி ஓடவில்லை. இரண்டு வாரம் கதை அப்படியே தொங்கியது. பதில் தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரியும். நான்கு வருடம் நானே அந்த அடிமையாக வேலை பார்த்திருக்கிறேன்.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவை முதலாளி இருந்தார். எல்லாருக்கும் அவர் அய்யா. அவர் கொடுக்கிற பாவில், அதாவது அவர் கொடுக்கிற நூலில், நாற்பதுக்கு மேல் தறிகள் ஓடின. எல்லாமே நெய்கிறவர்களின் வீட்டுக்குள் இருக்கும் தறிகள். இளவயதில் அவரே தறியில் உட்கார்ந்தவர், அதனால் அவரை ஏமாற்ற முடியாது. சத்தம் போட மாட்டார். மெதுவாகப் பேசி, கடைசியில் "தெரிஞ்சுதா" என்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை.

அவரைப் பற்றி ஒரு கதை உலவியது. முகூர்த்தப் புடவை பாதியில் இருக்கும்போது ஒரு நெசவாளி ஊருக்குப் போய்விட்டாராம். அய்யா அந்த வீட்டுக்குள் போய், பாதிப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனாராம். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு ஊரில் யாரும் பாவு கொடுக்கவில்லையாம். நெசவு வீட்டில் பாதிப் புடவையை அறுப்பது வாயால் சொல்லக்கூடக் கூசுகிற காரியம். அது எந்த வீடு என்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு தெருவைக் கை காட்டினார்கள். நேரில் பார்த்தேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

எங்களுக்கும் தறிக்கும் சம்பந்தம் கிடையாது. அம்மா பெருமாள் கோயில் பக்கத்தில் பூ கட்டி விற்றாள். அவளைப் பெற்றவர்கள் பாலாற்றங்கரையில் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். நான் பட்டம் வாங்கிய கையோடு அய்யாவிடம் வேலைக்குச் சேர்ந்தேன். வீடு வீடாகப் போய், எந்தத் தறியில் எவ்வளவு வேலை ஆகியிருக்கிறது என்று பார்த்து வந்து அவரிடம் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதம் வாசலில் நிற்க வைத்தே பேசினார்கள். உட்கார் என்று சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. இந்தப் பெண்ணுக்குப் பட்டைப் பற்றி என்ன தெரியும் என்று என் காதுபடவே சொன்னார்கள். அதற்கும் மேலே சிலது சொன்னார்கள், அதை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல், "அய்யா கேட்டுவரச் சொன்னார்" என்றேன். நாற்காலி வந்தது. அடுத்த வீட்டிலும் அதையே சொன்னேன், காபி வந்தது. அன்றிலிருந்து அந்த வாக்கியம் இல்லாமல் நான் எந்த வாசலும் ஏறவில்லை. என்னைவிட இருபது வயது மூத்தவர்கள் மேடம் என்று கூப்பிட்டார்கள். பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிடித்தது. ஒரு தெருவில் நான் நுழையும்போது ரேடியோ சத்தம் குறைந்ததைக் கேட்டு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அய்யா அறைக்குள் போகும்போது எனக்கே கால் பின்னிக்கொள்ளும். அது தெருவில் இருந்தவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தப் புடவைக்கு அய்யா ஒரு வழக்கம் வைத்திருந்தார். சிவப்புப் பட்டு நூலை வளையமாக முடிந்து கொடுப்பார். அதை நான் எடுத்துப்போய் அந்தத் தறியின் கட்டையில் மாட்டிவிட்டு வர வேண்டும். மாட்டிவிட்டால், புடவை முடிந்து அறுக்கிறவரை அந்தத் தறிக்காரர்கள் ஊரை விட்டுப் போகக்கூடாது. அறுத்த பிறகு நூலைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். நல்லது கெட்டதுக்குப் போயே ஆக வேண்டுமென்றால் அய்யாவிடம்தான் உத்தரவு கேட்க வேண்டும். ஒரு முறை ஒருவர் தாயின் காரியத்துக்குப் போகக் கேட்டபோது, அய்யா உடனே "போய்ட்டு வா" என்றார், அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும்.

எட்டு வருடத்துக்கு முன், ஆடி மாதம் பிறந்த வாரத்தில், அய்யாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து உள் அறையில் கிடத்தினார்கள். அவர் மனைவியை எல்லாரும் பெரியம்மா என்போம். பெரியம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வெளியே தெரிந்தால் தறியெல்லாம் வேறு முதலாளிகளிடம் போய்விடும், அய்யாவுக்குக் காலில் அடி, நடக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லி வைப்போம் என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எப்பவும் போல போய்ட்டு வாம்மா. அய்யா சொன்னாருன்னு சொல்லு. அது போதும்."

அது போதுமாகத்தான் இருந்தது. நாற்பது தறியும் அதே வேகத்தில் ஓடின. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தினமும் காலையில் பெரியம்மா அவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்ததும் நான் உள்ளே போய்த் தறி நிலவரம் சொல்வேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு ஸ்பூனைத் தூக்க முடியாத மனிதர். அவருடைய இடது கண் மட்டும் என் மேல் நிற்கும். முன்பு அவர் வாயைத் திறந்தால் மட்டும் பயந்தேன். இப்போது அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியாததால் எந்நேரமும் பயந்தேன்.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு பெரிய வீட்டுப் புடவை வந்தது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்கு அதைக் கொடுத்தோம். புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்கிற தறி. புருஷன் புடவையின் உடல் பகுதியை நெய்வார். கரை தனி நிறம் என்பதால், அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாக்கட்டையைத் தள்ளிக் கொடுப்பார். ஒவ்வொரு இழைக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். வளையம் முடிய அய்யாவுக்குக் கை இல்லை. பெரியம்மா நூல்கண்டை என்னிடம் நீட்டினார். நானே முடிந்தேன், நானே கொண்டுபோய் மாட்டினேன். அந்தம்மா நூலை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

அவர்களுக்கு ஒரே பெண். முசரவாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம். இந்தப் புடவையை அறுத்த கையோடு, ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு.

பத்து நாள் கழித்து ஒரு முற்பகலில் நான் அந்த வீட்டுக்குப் போனபோது தறி நின்றிருந்தது. அந்தம்மா போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடையில் நின்றார்.

"மேடம், பொண்ணுக்கு வலி எடுத்துக்கிச்சாம். எட்டு மாசம்தான் ஆவுது. அம்மா வேணும், அம்மா வேணும்னு அழுதுக்கினு இருக்குறாளாம். ரெண்டே நாள் போய்ட்டு வந்துடட்டுங்களா?"

புடவையில் இன்னும் நான்கு நாள் வேலை இருந்தது. புடவை தள்ளிப்போனால் கல்யாணப் பெண்ணின் வீட்டார் அய்யாவைப் பார்க்க நேரில் வருவார்கள். வந்தால் எல்லாம் வெளியே தெரிந்துவிடும். பெரியம்மா முகம் கண் முன் வந்தது, அந்த இடது கண் வந்தது. போய் வாருங்கள் அக்கா என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? இருந்தது. ஆனால் நானாக ஒரு வார்த்தை சொல்லி மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நானாகச் சொன்னால் நாளைக்கு மறுபடி வாசலில்தான் நிற்க வைப்பார்கள் என்ற எண்ணமும் ஓரமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அய்யாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று தெருவுக்கு இறங்கினேன். எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் நின்று போனைக் காதில் வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. திரை இருட்டாகத்தான் இருந்தது. "அய்யா" என்றேன். விஷயத்தைச் சொன்னேன். கேட்டேன். நான் பேசியது எனக்கு நினைவிருக்கிறது: "சரிங்க அய்யா. இல்லைங்க அய்யா. சொல்லிடறேங்க அய்யா." ஒரு நிமிடம் போல இருக்கும். திரும்பிப் போய் அந்தம்மாவிடம் சொன்னேன்.

"அய்யா வேணாம்னுட்டார். புடவை முடிச்சுட்டுப் போகச் சொல்றார்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். கெஞ்சவில்லை. உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். நான் தெருமுனை திரும்புவதற்குள் தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆண் குழந்தை பிறந்தது. மறுநாள் மதியம் வரை இருந்தது. குழந்தை போய்விட்ட செய்தி வந்ததும் இருவரும் யாரையும் கேட்காமல் கிளம்பிப் போனார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பேரனின் முகத்தை அந்தம்மா பார்க்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்து புடவையை முடித்துக் கொடுத்தார். ஒரு கரை பிசகவில்லை. மகள் அதற்குப் பிறகு அம்மாவோடு பேசவில்லை. மருமகன்தான் போன் செய்து நல்லா இருக்காங்களா என்று கேட்டுக்கொள்வாராம்.

நடந்ததை நான் அய்யாவிடம் சொன்னேன். வழக்கம்போலக் கால்மாட்டில் நின்று, "உங்க பேர்ல நான்தாங்க அய்யா வேணாம்னு சொன்னேன்" என்றேன். இடது கண்ணிலிருந்து நீர் வடிந்து தலையணையில் இறங்கியது. அந்தக் கண்ணில் எப்போதுமே நீர் வடியும், பெரியம்மா துண்டால் ஒற்றிக்கொண்டே இருப்பார். அன்றைக்கு வடிந்தது எதனால் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தக் கண்ணை நான் மறக்கப் பார்த்திருக்கிறேன். சென்டரில் யாருக்காவது மனு அடித்துக்கொண்டிருக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து பார்க்கும்.

தை மாதம் அய்யா இறந்தார். ஆறு மாதமாகப் பேச்சு இல்லாமல் கிடந்தார் என்று சாவுக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. யாரும் என்னிடம் வந்து கேட்கவில்லை. கேட்டால் தாங்களும் ஆறு மாதம் யாருக்குப் பயந்தோம் என்று சொல்ல வேண்டியிருக்குமே. நான் வேலையை விட்டேன், செவிலிமேட்டுக்குக் குடிபோனேன், பிள்ளையார்பாளையம் பக்கமே போகாமல் எட்டு வருடம் கழித்தேன். அந்தப் பக்கமாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறியதில்லை.

அந்தக் கல்லூரிப் பெண் கேள்வி கேட்டபின் வந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்பிப் போனேன். அந்தம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அய்யா தடுக்கவில்லை, நான்தான் தடுத்தேன் என்று அவர் மகளிடமும் சொல்ல வேண்டும். அம்மா மேல் குற்றமில்லை என்று மகளுக்குத் தெரிந்தால் போதும், அதற்குப் பிறகு இரண்டு பேருமாக என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பெரிய யோக்கியமாட்டம் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

தறி ஓடிக்கொண்டிருந்தது. கணவரின் பக்கத்தில் கரைக்கு இப்போது அவருடைய தம்பி மனைவி உட்கார்ந்திருந்தார். அந்தம்மா நடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். "வாம்மா, ஒக்காரு" என்றார். மேடம் போய்விட்டது. நான் தரையில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அய்யாவுக்குப் பேச்சே இல்லை, போனில் யாரும் இல்லை, நானாகத்தான் சொன்னேன்.

அவர் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மா" என்றார். "அந்த வளையத்தப் பாத்தப்பவே தெரியும். அய்யா போடற முடிச்சு நகத்துல அடங்கிப்பூடும். நீ போட்டது பூக்கட்டற முடிச்சு. நெசவு தெரிஞ்ச கையி அப்படி முடியாது."

ஒரு நாளைக்கு எத்தனையோ அறுந்த இழைகளைப் பிடித்துச் சேர்க்கிற விரல்கள். அவற்றின் முன்னால் அம்மாவிடம் கற்ற பூக்கட்டு முடிச்சைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். பட்டில் நான்கு வருடம் புழங்கியும், முடிச்சுக்குக் கைநாட்டு உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

"தெரிஞ்சுமா போகாம இருந்தீங்க?"

"நீ மரத்தடியில போய் நின்னப்ப நான் வாசப்படியில நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். சும்மா பாசாங்கு பண்ணுது, போயிட்டே இருக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். பொடவைகூட எடுத்து வச்சுட்டேன். அப்புறம் நீ குனிஞ்ச பாரு." காம்பைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "தோளு ஒடுங்கிப் போச்சு. போன் புடிச்ச கையி ஒதறுது. ஆள் இல்லாத எடத்துல யாரும்மா அப்படிக் குனிவாங்க? அவரு பக்கத்துலயே இருக்கறவளே இப்படி நடுங்கறாளேன்னு எனக்குக் கையும் காலும் ஓடல. எடுத்து வச்ச பொடவைய திரும்ப மடிச்சு வச்சேன்."

நான் குனிந்தது எனக்கு நினைவில்லை. ஆனால் குனிந்திருப்பேன். அந்த இருட்டுத் திரைக்கு முன்னால் நான் நடிக்கவில்லை. நிஜமாகவே பயந்தேன். நான் பொய்யாகச் சொன்னது எதையும் அவர் நம்பவில்லை. என்னிடம் இருந்த ஒரே உண்மை அந்தப் பயம்தான், அதை நம்பித்தான் அவர் தறியில் போய் உட்கார்ந்தார். கதையில் நான் அடிமைகளுக்கு ஆயுதம் கொடுக்காமல் விட்டது ஏன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது. ஊர் அவர்கள் கையைப் பார்ப்பதில்லை. அவர்கள் முதுகு வளைந்திருப்பதைப் பார்த்து, மேலே இருக்கிறவன் எவ்வளவு பெரியவன் என்று மனசுக்குள் அளந்துகொள்கிறது.

உங்கள் மகளிடம் போய் இதைச் சொல்லிவிடுகிறேன் அக்கா, நீங்கள் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்றேன்.

அவர் கை சட்டென்று என் முழங்காலைப் பிடித்தது. சொல்லாதே என்றார். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ அவர் மகளிடம் சொல்லிவிட்டார்களாம், அய்யாவுக்கு ஆடியிலேயே பேச்சு போய்விட்டது, நீ பிள்ளை பெற்றபோது அவர் ஊமையாகக் கிடந்தார் என்று. மகள் அன்றைக்கே போன் செய்திருக்கிறாள். எட்டு வருடத்தில் அவளாக அம்மாவுக்குச் செய்த முதல் போன். அப்படியானால் உன்னைப் பிடித்து வைத்தது யார் என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறாள். யாரோ தெரியாமல் சொல்கிறார்கள், அவர் நன்றாகத்தான் பேசினார் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவள் நம்பாமல் வைத்துவிட்டாள்.

"நீ அவரு பக்கத்துல இருந்தவ. நீ போய்ச் சொன்னா நம்புவா. அய்யாவே அவரு வாயால போவக்கூடாதுன்னாருன்னு சொல்லு."

"இன்னொரு பொய் சொல்லச் சொல்றீங்களாக்கா?"

"அய்யாவுக்கு பயந்துக்கினு வரலன்னா, என்னைக்காவது ஒரு நாள் என் பொண்ணு என்னை மன்னிப்பா. ஊரே பயந்துச்சு, எங்கம்மாவும் பயந்துச்சுன்னு நெனச்சுப்பா. உனக்கு பயந்துக்கினு வரலன்னா எப்படிம்மா மன்னிப்பா?" அவர் குரலில் கோபமே இல்லை. "நீ யாரு?"

அன்றைக்கே முசரவாக்கம் போனேன். வேறு எங்கும் போக எனக்கு வழி இல்லை. பெரிய யோக்கியமாட்டம் உண்மையைச் சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும், அந்தம்மாவுக்கு மகள் போய்விடுவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மகள் வாசல் அறையில் தையல் மிஷினில் இருந்தாள். என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துகொண்டாள். அவளுடைய ஐந்து வயதுப் பெண் குழந்தை வெட்டுத் துணிகளைத் தரையில் பரப்பி விளையாடிக்கொண்டிருந்தது. துணிச்சலாக என் பக்கத்தில் வந்து, என் பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்தது. அம்மா அனுப்பினாளா என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். மிஷினை நிறுத்தினாள்.

"அவருக்குப் பேச்சு இருந்துதாக்கா?"

"இருந்துது. கால்தான் நடக்க முடியல. பேச்செல்லாம் கடைசி மாசம்தான் போச்சு."

"அன்னிக்கு நீங்க போன் பண்ணப்ப அவர்தான் பேசினாரா?"

"அவர்தான்."

அவள் என்னை விடாமல் பார்த்தாள். அம்மாவின் அதே பார்வை.

"என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தேடவும் வேண்டியிருக்கவில்லை. நான்கு வருடம் கேட்ட குரல். தாடை தானாக இறுகியது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, நான் அன்று சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்.

"பெத்தவ போய் என்ன செய்யப்போறா? அங்க பாத்துக்க ஆளு இருக்குது. தறிய விட்டு ஒருத்தரும் எறங்கக் கூடாது. தெரிஞ்சுதா."

அந்த மனிதர் இப்படிப் பேசியிருப்பாரா? ஒருவேளை போய்ட்டு வா என்றிருப்பார். நான் கேட்டிருந்தால், தலையையாவது அசைத்திருப்பார். அவருக்கு அந்த வாய்ப்பை அன்றைக்கும் நான் கொடுக்கவில்லை, இன்றைக்கும் கொடுக்கவில்லை. அந்தக் குரல் என் தொண்டையிலிருந்து வந்ததைக் கேட்டு என் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. பையின் ஜிப்பைப் பிடித்திருந்த குழந்தை அதை விட்டுவிட்டு ஓடிப்போய் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டது.

மகள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா என்ன பண்ணும், பாவம்" என்றாள்.

மிஷின் மேலிருந்த போனை எடுத்தாள். எண்ணைத் தேடி அழுத்திக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடிப்பது எனக்கும் கேட்டது. குழந்தை அவள் நைட்டியை இழுத்து, அந்தத் தாத்தா எங்கே இருக்கிறார், இங்கே வருவாரா என்று கேட்டது.

"அவரு எப்பவோ செத்துட்டாரும்மா" என்றாள் அவள். உடனே குரல் உடைந்து, "அம்மா, நான்தாம்மா" என்று போனில் சொன்னாள்.

குழந்தை அவள் சொன்னதை நம்பவில்லை. நான் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்குகிறவரை, அம்மாவின் நைட்டியைப் பிடித்த பிடியை விடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.